பெரிதாக ஆடாத பேஸ்பால் வீரர் நல்ல பயிற்சியாளராக முடியுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்:
வணக்கம். என் தம்பி தருமபுரியில் பட்டப்படிப்பு முடித்தவன். பல்கலைக்கழக பேஸ்பால் அணியில் பிட்சராக, அதாவது பந்து எறிபவனாக, ஆடியிருக்கிறான். அதற்கு மேல் வாய்ப்பு அமையவில்லை. இப்போது பயிற்சியாளராக விரும்புகிறான். "மாநில அணிக்கே ஆடாதவனிடம் யார் பிள்ளைகளை அனுப்புவார்கள்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். தொழில்முறை ஆட்டத்தில் சுமாராக ஆடிவிட்டுப் பயிற்சியில் பெயர் பெற்றவர் உண்டா? அவர் எப்படி அந்த இடத்தை அடைந்தார்?

காவேரிப்பட்டினத்திலிருந்து:
உங்கள் தம்பி அமெரிக்காவின் டாம் ஹவுஸ் என்பவரைப் பற்றி அவசியம் படிக்க வேண்டும். 1971 முதல் 1978 வரை அட்லாண்டா, பாஸ்டன், சியாட்டில் அணிகளுக்கு ஆடிய இடக்கைப் பிட்சர் அவர். நட்சத்திரமாக இருந்ததே இல்லை. 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டா அணியின் மட்டையாளர் ஹாங்க் ஆரன் தமது 715ஆவது ஹோம் ரன்னை (பந்தை மைதான வேலிக்கு அப்பால் அடிப்பது) அடித்து, பழைய நட்சத்திரம் பேப் ரூத்தின் சாதனையைக் கடந்தபோது, பந்து போய் விழுந்த புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் எறிந்து பழகும் இடம்) நின்று அதைப் பிடித்தவர் என்றுதான் வீரராக அவரைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இயல்பான வேகம் இல்லாதவர் என்பதால், எறியும் உடலுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை என்றே நான் கருதுகிறேன். உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1985 முதல் 1992 வரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் பிட்சிங் பயிற்சியாளராக இருந்தபோது, பிட்சர்களை அமெரிக்கக் கால்பந்தை எறிய வைத்தார். கை, தோள், இடுப்பு ஆகியவை சரியான வரிசையில் இயங்கினால்தான் அந்த நீள்பந்து சீராகச் சுழன்று போகும். இல்லையென்றால் காற்றிலேயே தள்ளாடும். ஆகவே பிழையைப் பயிற்சியாளர் சொல்வதற்கு முன்பே எறிந்தவர் தம் கண்ணால் கண்டுகொள்கிறார். பலர் இதைக் கேலி செய்தார்கள். ஆனால் 1989இல் அந்த அணிக்கு வந்த பிட்சர் நோலன் ரயன், ஏற்கெனவே புகழின் உச்சியில் இருந்தவர், இந்தப் பயிற்சியை மனமுவந்து ஏற்றார். 1991 மே 1 அன்று, 44 வயதில், எதிரணிக்கு ஒரு ஹிட் (மட்டையாளர் பந்தை அடித்துத் தளம் சேர்வது) கூடத் தராமல் தமது ஏழாவது நோ-ஹிட்டரை, அதாவது ஹிட் இல்லாத ஆட்டத்தை, முடித்தார். தம்மைவிடப் பன்மடங்கு பெரிய வீரருக்கு ஹவுஸால் கற்றுத்தர முடிந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

அரூரிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர்:
மேலே எழுதிய நண்பர் நம் நாட்டோடு உள்ள தொடர்பை விட்டுவிட்டார். 2008இல் இந்தியாவில் நடந்த ஒரு பந்தெறிப் போட்டியில் தேர்வான உத்தரப்பிரதேச இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவருக்கும் பயிற்சி அளித்தவர் இதே ஹவுஸ்தான். ஈட்டி எறிந்து பழகிய அவர்கள் அதற்கு முன் பேஸ்பால் ஆடியதே இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அங்குள்ள உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக் வரை அவர்கள் செல்லவில்லை என்பதும் உண்மை. ஆனாலும், மொழியும் ஆட்டமும் புதிதாக இருந்த இருவரை அந்த அளவுக்குக் கொண்டுவந்தது, என் மதிப்பீட்டில், ரயனின் வெற்றியைவிடப் பெரிய சான்று.

ஆடிய காலத்தில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதை ஹவுஸ் 2005இல் வெளிப்படையாகச் சொன்னார். பயிற்சியாளராக விரும்பும் தம்பி அதையும் தெரிந்துகொள்வது நல்லது. நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களில் எதையாவது வாங்கி விழுங்கும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டிய பொறுப்பு அவருக்கும் வரும்.

பாலக்கோட்டிலிருந்து கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தம்பி முறையாகப் படிக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்கலாம், ஐயா?

அரூர் ஆசிரியர்:
பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் ஓராண்டுப் பயிற்சியாளர் பட்டயப் படிப்பையும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பையும் நடத்துகிறது. எந்தெந்த ஆட்டங்களுக்குச் சேர்க்கை என்பதை அவ்வாண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தடகளத்தில் எறிதல் பிரிவைப் படித்தாலும் பிட்சருக்கு வீண்போகாது. பல்கலைக்கழக அணியில் ஆடியதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தோடு அதைக் கேட்பார்கள்.