தீர்ப்புக்குச் சற்று முன் உறைந்துவிடும் ‘கிரவுன் கோர்ட்’ டிவிடி: உதவி தேவை

கிரானடா தொலைக்காட்சி 1972 முதல் 1984 வரை தயாரித்த ‘கிரவுன் கோர்ட்’ என்ற பிரிட்டிஷ் நீதிமன்ற நாடகத் தொடரின் பழைய டிவிடி ஒன்று, ஒரு வழக்கின் மூன்றாம் பகுதியில், ஜூரிகள் தீர்ப்புச் சொல்லத் திரும்பி வரும் இடத்தில் உறைந்துவிடுகிறது. ஃபுல்செஸ்டர் என்னும் கற்பனை ஊரின் அந்த நீதிமன்றம் எனக்கு மிகவும் பிரியமானது. வழக்கறிஞர்களும் சாட்சிகளும் நடிகர்களே என்றாலும், ஜூரியில் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலிருந்து அழைக்கப்பட்ட பொதுமக்கள். தீர்ப்பையும் அவர்களே முடிவு செய்தார்கள் என்பதால், முன்கதையை வைத்து முடிவை ஊகிக்க வழியே இல்லை.

நான் லண்டனில் வசிக்கிறேன். வட்டு, ஐரோப்பாவுக்கான இரண்டாம் மண்டலக் குறியீடும், அங்கு வழங்கிய ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையும் கொண்டது. சென்ற குளிர்காலத்தில் திக்கத் தொடங்கியது. இப்போது அந்த இடம் வந்ததும் படம் கட்டங்கட்டமாகச் சிதறி, ஒலியும் நின்றுவிடுகிறது. கீறல் எதுவும் இல்லை, ஆனால் வெளி விளிம்பில் பழுப்புப் படலம் தெரிகிறது.

மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தேன். வேறு பிளேயரிலும், கணினியில் விஎல்சி மென்பொருளிலும் ஓட்டிப் பார்த்தேன். பழுதான வட்டுகளிலிருந்து தரவை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) மென்பொருள் கொண்டு நகலெடுத்தபோதும் அதே பகுதி மட்டும் படிக்க முடியாமல் நின்றது. இந்தத் தொகுப்பு இப்போது கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை.

இவ்வாறு விளிம்பில் பழுப்பேறிய டிவிடியிலிருந்து தரவை மீட்க, உங்களுக்குப் பலனளித்த டிரைவ் அல்லது முறை எது?