புதுப்பிப்பு: மாமாவின் கடனையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன்

அமெரிக்காவில் சாப்டர் 7 திவால் மனு (கடனைக் கட்ட முடியாதவர் அதை ரத்து செய்யக் கோர்ட்டில் போடும் மனு) போடும்போது, ஊரில் இருக்கும் மாமாவிடம் வாங்கிய 4,000 டாலரை மட்டும் கடன்காரர் பட்டியலில் விட்டுவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கூடாது என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி. வக்கீலும் அதையேதான் சொன்னார்.

பட்டியல் முழுமையானது என்று சத்தியம் செய்துதான் கையெழுத்துப் போடுகிறோம். சொந்தக்காரர் என்று விலக்கு கிடையாது. மூன்று நிறுவனங்கள் தரும் கிரெடிட் ரிப்போர்ட்டுகளையும் (நம் கடன் விவரப் பதிவுகள்) வைத்துக்கொண்டு தேடியபோது, அவற்றில் வராத ஒரு பல் டாக்டர் பில், பிரிக்காத கவரோடு டிராயரில் கிடந்தது. அதையும் சேர்த்தோம். மனு போட்ட பிறகு நினைவு வந்தால் திருத்தம் போடலாம், கட்டணம் 34 டாலர்.

இன்னொன்று முக்கியம். மனுவுக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் உறவினருக்கு 600 டாலரோ அதற்கு மேலோ திருப்பிக் கொடுத்திருந்தால், டிரஸ்டி (திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படுபவர்) அதை அந்த உறவினரிடமிருந்தே மீட்க முடியும். நல்லவேளை, நான் கொடுக்கவில்லை.

கோர்ட் நோட்டீஸ் போவதற்கு முன் மாமாவிடம் நானே போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரிப்பா, சாப்பிட்டியா?" என்றார். கடன் ரத்தான பிறகும் நாமாக விரும்பிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்காது. கண்டிப்பாகக் கொடுப்பேன்.

அடுத்த வாரம் ஜூமில் டிரஸ்டியுடன் கூட்டம்.