ரேம் மீதமிருக்கும்போதே பின்னணிச் செயலிகள் மூடப்படுவது ஏன்?

கூழாங்கல்:

வணக்கம். என்னிடம் 6 ஜிபி ரேம் கொண்ட ஆண்ட்ராய்டு கைபேசி உள்ளது. சென்ற வாரம் உலாவியில் நீளமான விண்ணப்பப் படிவம் ஒன்றை முக்கால் மணி நேரம் செலவிட்டு நிரப்பினேன். கடைசிப் பகுதியில் கையொப்பத்தைப் படமெடுத்து இணைக்கச் சொன்னது. அங்கிருந்த பொத்தானைத் தொட்டதும் கேமரா திறந்தது. படமெடுத்து, சரி என்று கொடுத்துத் திரும்பி வந்தால், பக்கம் புதிதாக ஏற்றப்பட்டு எல்லாக் கட்டங்களும் வெறுமையாகக் கிடந்தன. உடனே அமைப்புகளுக்குள் போய் நினைவகப் பக்கத்தைப் பார்த்தேன். 1.4 ஜிபி மீதமிருப்பதாகக் காட்டியது. இவ்வளவு இடம் இருக்கும்போது பக்கத்தை ஏன் மூட வேண்டும் என்பதுதான் என் முதல் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. இப்படி நேரக் கூடாது என்பதற்காகவே நான் ஒரு நாளில் பலமுறை அண்மைச் செயலிகளின் பட்டியலைத் திறந்து அனைத்தையும் தள்ளிவிடுகிறேன். ரேமைத் துப்புரவு செய்யும் செயலி ஒன்றையும் நிறுவியிருக்கிறேன். ஆயினும் வேகம் கூடியதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, மருந்து வேளையை நினைவூட்டும் செயலி சில நாட்களில் ஒலிப்பதே இல்லை. இவற்றுக்குள் ஏதேனும் தொடர்பு உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஆறாம்விரல்:

தொடர்பு உண்டு. முதலில் அந்த 1.4 ஜிபியைப் பார்ப்போம். மேம்பாட்டாளர் விருப்பங்களுக்குள் இருக்கும் நினைவகப் பக்கத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்றால், அது காட்டுவது அந்தக் கணத்தின் நிலவரத்தை அன்று, கடந்த 3 மணி நேரத்தின் சராசரியை. உங்கள் படிவம் பறிபோன இரண்டு மூன்று வினாடி நெருக்கடி அந்தச் சராசரியில் இருந்த இடம் தெரியாமல் கரைந்திருக்கும்.

கேமரா அந்த நெருக்கடியை எப்படி உண்டாக்குகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 12 மெகாபிக்சல் படம் சேமிப்பகத்தில் சில எம்பி அளவிலான கோப்பாகத்தான் கிடக்கும். அதைத் திரையில் காட்டுவதற்காக விரித்தால், 4000 × 3000 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்ற கணக்கில், 48 எம்பி ஆகிவிடுகிறது. 50 மெகாபிக்சல் என்றால் 200 எம்பி. அதுவும் இன்றைய கேமராக்கள் ஒரே படத்துக்காகப் பல சட்டகங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகக் கலப்பவை. அவை அனைத்துக்கும் இடம் வேண்டும். வேண்டும் என்றால் உடனே வேண்டும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தாமதித்தால் திரை உறைந்து நிற்கும்.

அப்போது நடப்பது இது. கெர்னலுக்குள் கேஸ்வாப்டி என்றொரு பணியாள் உண்டு. வெற்றிடம் ஓர் எல்லைக்குக் கீழே போனதும் அது விழித்துக்கொண்டு, வழக்கமாக 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும் நினைவகத்தில், சேமிப்பகத்திலிருந்து மீண்டும் படித்துக்கொள்ளக்கூடிய பக்கங்களை முதலில் கைவிடும். செயலிகளின் நிரல் வரிகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. வேறெங்கும் நகல் இல்லாத பக்கங்களை, நீங்கள் தட்டச்சு செய்த எழுத்துகள் போன்றவற்றை, அப்படிக் கைவிட முடியாது. அவற்றைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே ஒரு மூலையில் அடுக்கும். அந்த மூலைக்கு இசட்ரேம் என்று பெயர். இவ்வளவும் போதாதபோதுதான் எல்எம்கேடி என்ற நிரல், யாரை வெளியேற்றுவது என்று பார்க்கத் தொடங்குகிறது.

பார்ப்பதற்கு அதனிடம் ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. -1000 முதல் 1000 வரை செல்லும் அளவுகோலில், எண் கூடக்கூட அந்தச் செயலி இல்லாமலும் சமாளிக்கலாம் என்று பொருள். உங்கள் கண்முன் இருக்கும் செயலிக்கு 0. திரையில் இல்லாவிட்டாலும் நின்றுபோனால் நீங்கள் உணரக்கூடியதற்கு, உதாரணமாகப் பாட்டு இசைத்துக்கொண்டிருப்பதற்கு, 200. முகப்புத் திரைக்கு 600, சற்று முன்பு பயன்படுத்தி விட்டுவந்ததற்கு 700, எப்போதோ திறந்து மறந்துபோனவற்றுக்கு 900க்கு மேல். கேமரா திறந்த அந்தக் கணத்தில் உங்கள் உலாவி 0 இலிருந்து 700க்குப் போய்விட்டது. நீங்கள் ஏற்கனவே பட்டியலைத் துடைத்து வைத்திருந்தபடியால், அதற்கு முன்னால் பலியாகக் காத்திருக்க வேண்டிய 900 வரிசைக்காரர்களும் அவ்வளவாக இருந்திருக்க மாட்டார்கள். இதுதான் இந்த விவகாரத்தில் எனக்கு வேடிக்கையாகப் படும் இடம்: உலாவியைக் காப்பாற்றுவதாக எண்ணி, அதற்குக் கேடயமாக நின்றவர்களையே நீங்கள் அப்புறப்படுத்தி வந்திருக்கிறீர்கள். உலாவியில் திறந்திருக்கும் வலைப்பக்கம் தனியொரு ப்ராசஸாக, அதாவது நினைவகத்தில் தனித்து இயங்கும் நிரலாக, ஓடுவதால், உலாவி பிழைத்து, பக்கம் மட்டும் போயிருக்கிறது.

மீதமிருந்தும் ஏன் என்று கேட்டீர்கள். மூடும் வேலையை முன்பு கெர்னலுக்குள் இருந்த ஒரு நிரல் செய்துவந்தது. வெற்றிடம் இத்தனை எம்பிக்குக் கீழே போனால் இந்த வரிசையை மூடு என்பதுதான் அதன் விதி. ஆண்ட்ராய்டின் கெர்னலுக்கு அடிப்படையான லினக்ஸின், 2017இல் வெளியான 4.12 பதிப்பில் அது நீக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு 10 முதல் எல்எம்கேடி, எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்பதைவிட, நினைவகம் கிடைப்பதற்காக ப்ராசஸ்கள் எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியாமல் காத்துக் கிடந்தன என்பதையே முதன்மையாக அளந்து முடிவெடுக்கிறது. ஆகவே எண்ணிக்கையில் இடம் இருப்பதாகத் தோன்றும்போதே, காத்திருப்பு நீண்டுவிட்டது என்பதற்காக ஒரு செயலி மூடப்படலாம்.

மருந்து நினைவூட்டலுக்கு வருகிறேன். பட்டியலிலிருந்து தள்ளுவது வேறு, அமைப்புகளில் செயலியை வலுக்கட்டாயமாக நிறுத்தும் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுப்பது வேறு. பின்னதைக் கொடுத்தால் அந்தச் செயலி வைத்திருந்த அலாரங்கள் அனைத்தும் நீக்கப்பட்டு, நீங்களாகவே மீண்டும் திறக்கும் வரை அது எழவே எழாது. சில தயாரிப்பாளர்களின் கைபேசிகளில், பட்டியலிலிருந்து தள்ளினாலே ஏறக்குறைய இதே விளைவு ஏற்படுமாறு செய்துவைத்திருக்கிறார்கள். உங்கள் துப்புரவுச் செயலியும் இதைச் செய்துகொண்டிருக்கலாம். அதை நீக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல், பிற செயலிகளின் பின்னணி ப்ராசஸ்களை மூடும் ஆணையை ஒரு செயலி விடுத்தாலும் அது தன்னுடையதை மட்டுமே மூடும் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். சுற்றுவழியாக அணுகல்தன்மை அனுமதியைப் பெற்று, உங்கள் விரலுக்குப் பதிலாகத் தானே ஃபோர்ஸ் ஸ்டாப்பை அழுத்தும் துப்புரவுச் செயலிகளும் உண்டு.

மின்மினி:

ஆறாம்விரல் சொல்வது கோட்பாட்டளவில் சரியாகவே இருக்கட்டும். என்னிடம் இருப்பது 2 ஜிபி கைபேசி. வழிகாட்டும் வரைபடத்தைத் திறந்தால் அம்புக்குறி நான் கடந்துபோன திருப்பத்திலேயே நின்றுகொண்டிருக்கும். மற்றவற்றை மூடிவிட்டுத் திறந்தால் ஒழுங்காக நகரும். ஒருமுறை இருமுறை அன்று, ஒவ்வொரு முறையும் இப்படித்தான். மூடுவதால் பயனில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆறாம்விரல்:

உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. நான் 6 ஜிபியை மனத்தில் வைத்து எழுதினேன். 2 ஜிபியில் கதை வேறு. அங்கே கைவிடப்பட்ட நிரல் பக்கங்கள் அடுத்த நொடியே தேவைப்பட்டு, சேமிப்பகத்திலிருந்து திரும்பப் படிக்கப்பட்டு, மீண்டும் கைவிடப்படும். இசட்ரேமுக்குள் சுருக்குவதும் விரிப்பதுமாக மையச் செயலகத்தின் நேரமும் அதிலேயே போய்விடும். அந்த நிலையில், அறிவிப்புப் பட்டையில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் செயலி எது என்று பார்த்து, அந்த ஒன்றிரண்டை மட்டும் நிறுத்தினால் உண்மையாகவே நிம்மதி கிடைக்கும். அவை முன்னணிச் சேவைகள். மதிப்பெண் குறைவாக இருப்பதால் எல்எம்கேடி அவற்றை எளிதில் தொடாது. மூட வேண்டியது அவற்றைத்தான். பட்டியலில் அட்டை அட்டையாகத் தெரியும் பலவற்றுக்கு உள்ளே ப்ராசஸே இருக்காது. கடைசியாகத் தெரிந்த திரையின் படம் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

மின்கலத்தைப் பற்றியும் ஒரு சொல். ரேம் வெறுமையாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் அதிலுள்ள மின்னூட்டங்களைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டேயிருக்க வேண்டும் என்பதால், காலிசெய்வதனால் மின்சாரம் மிச்சமாவதில்லை. மூடிய செயலியை அடிப்படையிலிருந்து மீண்டும் எழுப்புவதற்குத்தான் கூடுதலாகச் செலவாகிறது.

தறிநாடா:

செயலிகள் எழுதுவது என் தொழில் என்பதால் வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். கூழாங்கல் அவர்களின் முக்கால் மணி நேர உழைப்பு வீணானதற்குக் கைபேசியைக் காட்டிலும் அந்தப் படிவத்தை எழுதியவர்களையே நான் குறைசொல்வேன். பின்னணிக்குப் போன செயலி எந்த நேரத்திலும் கொல்லப்படலாம் என்பது ஆண்ட்ராய்டின் தொடக்க நாட்களிலிருந்தே வெளிப்படையாகச் சொல்லப்பட்டு வரும் விதி. திரையை விட்டு அகலும் முன் செயலிக்குத் தகவல் தரப்படுகிறது; பயனர் எங்கே நின்றார், என்ன எழுதியிருந்தார் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ள வாய்ப்பும் தரப்படுகிறது. வலைப்பக்கமாக இருந்தாலும், கட்டத்தை விட்டுக் கட்டம் நகரும்போதே உலாவியின் உள்சேமிப்பில் எழுதிவைப்பது சில வரி வேலை.

இதில் எனக்கும் ஓர் அடி விழுந்திருக்கிறது. என் முதல் செயலியில், அந்தக் குறிப்புக்குள் சிறு விவரங்களை வைப்பதற்குப் பதிலாக, திரையில் தெரிந்த முழுப் பட்டியலையும் படங்களோடு திணித்துவிட்டேன். ப்ராசஸ்களுக்கிடையே தகவல் கடத்தும் பைண்டருக்கு ஏறத்தாழ 1 எம்பிதான் கொள்ளளவு. முகப்புப் பொத்தானைத் தொட்டாலே செயலி விழுந்தது. காரணம் பிடிபட எனக்கு இரண்டு நாட்களாயின.

ஒரு செயலி எவ்வளவு பொறுப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்று நீங்களே சோதிக்கலாம். மேம்பாட்டாளர் விருப்பங்களில், விட்டு வெளியேறியதும் திரைகளை அழித்துவிடச் சொல்லும் ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கிவிட்டு, சோதிக்க வேண்டிய செயலியில் பாதி எழுதி, முகப்புக்குப் போய்த் திரும்புங்கள். எழுதியது அப்படியே இருந்தால் நல்ல செயலி. (சோதனை முடிந்ததும் மறவாமல் அணைத்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து, ஒரு நாள் முழுவதும் என் கைபேசியையே திட்டிக்கொண்டிருந்தேன்.)

வெள்ளெருக்கு:

ஐஃபோனிலும் இதே கதைதான் என்பதைப் பதிவு செய்கிறேன். அங்கே மூடுபவரின் பெயர் ஜெட்சம். பின்னணிக்குப் போன செயலி சிறிது நேரத்தில் இடைநிறுத்தப்பட்டு ரேமில் மட்டும் இருக்கும். இடம் தேவைப்பட்டால் ஜெட்சம் வந்துவிடும். செயலிகளை அடிக்கடி மூடுகிறீர்களா, மின்கலத்துக்காக அப்படி மூடுவது அவசியமா என்று 2016இல் ஒரு பயனர் ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி அனுப்பிய பதில், இரண்டு கேள்விக்கும் சேர்த்து, இல்லை, இல்லை என்பதாகவே இருந்தது.

கூழாங்கல்:

அனைவருக்கும் நன்றி. துப்புரவுச் செயலியை நீக்கிவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. என் கைபேசியின் அமைப்புகளில் ரேமை 4 ஜிபி கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால் இனிப் படிவம் தப்புமா?

ஆறாம்விரல்:

கூட்டப்படுவது ரேம் அன்று; சேமிப்பகத்தின் ஒரு பகுதியைத்தான் அப்படிப் பயன்படுத்துகிறார்கள். நெடுநேரம் தொடப்படாத பக்கங்களை அங்கே தள்ளிவைப்பதால், 900 வரிசையில் இன்னும் சில செயலிகள் உயிரோடு இருக்கக்கூடும். ஆனால் சேமிப்பகம் ரேமைவிடப் பன்மடங்கு மெதுவானது. திரும்பத் திரும்ப எழுதினால் தேய்மானம் அடைவது. லினக்ஸ் கணினிகளில் வழக்கமாக இருக்கும் வட்டு இடமாற்றத்தை ஆண்ட்ராய்டு தொடக்கத்திலிருந்தே தவிர்த்துவந்ததற்கும் இந்தத் தேய்மானமே காரணம். 6 ஜிபி வைத்திருக்கும் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கேமரா கேட்கும் திடீர் இடத்துக்கு அது உதவும் என்றும் தோன்றவில்லை.

அதற்குப் பதிலாக, படிவத்தைத் தொடங்கும் முன்பே கையொப்பத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்து இணையுங்கள். அப்போதும் உலாவி பின்னணிக்குத்தான் போகும். ஆனால் படத்தொகுப்பு காட்டுவது சிறு உருக்களை மட்டுமே என்பதால் நெருக்கடி பெரிதாக இராது. நினைவூட்டும் செயலிக்கு, மின்கலச் சிக்கன அமைப்பில் கட்டுப்பாடில்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கூழாங்கல்:

இரண்டையும் செய்தேன். படிவம் நேற்று இரவு ஒரே அமர்வில் போய்ச் சேர்ந்தது. மருந்துக்கான ஒலி மூன்று நாட்களாகத் தவறாமல் வருகிறது. தறிநாடா சொன்ன சோதனையையும் நான் தினமும் பயன்படுத்தும் ஐந்து செயலிகளில் செய்து பார்த்தேன்; இரண்டு தேறவில்லை. அவற்றில் ஒன்று, குறிப்பு எழுதுவதற்காகவே நான் வைத்திருக்கும் செயலி.