ஈக்கோமேப்பில் ஒரே வட்டத்துக்கு எந்தக் கோடு?

கேள்வி:
வணக்கம். நான் சமூகப்பணி முதுகலை முதலாண்டு மாணவி. கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் வாழும் ஒரு பெண்ணின் குடும்பத்துக்குக் களப்பணியில் ஈக்கோமேப் (குடும்பத்துக்கும் அதைச் சுற்றியுள்ள ஆட்கள், அமைப்புகளுக்கும் உள்ள உறவை வட்டங்களாலும் கோடுகளாலும் காட்டும் படம்) வரைந்தேன். நடுவட்டத்தில் வீட்டார், சுற்றிலும் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, அண்ணன் வீடு, கோயில், மகளிர் சுயஉதவிக் குழு. அந்தக் குழுவில்தான் அவருக்குக் கடன் கிடைத்தது. தவணை தவறும் மாதங்களில் ஏச்சும் அங்கேதான் கிடைக்கிறது. குழுவுக்குத் தடித்த கோடு போடுவதா, நெளிகோடு போடுவதா?

மறுமொழி 1:
இரண்டையும் போடுங்கள். அமெரிக்காவில் குழந்தைகள் நலப் பணிக்காக ஆன் ஹார்ட்மன் 1975-இல் உருவாக்கிய இந்த முறையில், தடித்த கோடு வலுவான உறவையும், விட்டுவிட்டு வரும் கோடு மெலிந்த உறவையும், நெளிகோடு உரசலையும் காட்டுகின்றன; உதவி எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை அம்புக்குறி சொல்லும். இன்னொன்று: மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை வருமானால், அந்தக் கோட்டை நடுவட்டத்தின் விளிம்பிலிருந்து இழுக்காமல் மாமியாரிடமிருந்தே இழுக்க வேண்டும்.

மறுமொழி 2:
எந்தக் கோடு என்பதை நாம் முடிவு செய்வதே எனக்கு உறுத்துகிறது. பென்சிலை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு வீட்டில், அண்ணன் அடுத்த தெருவில் இருக்கிறார் என்பதற்காக நான் தடித்த கோடு போட்டிருந்தேன். "அண்ணன் தீபாவளிச் சீரோடு சரி" என்று சொல்லி அந்த அம்மா அதை அழித்துவிட்டு, என் தாளில் இல்லவே இல்லாத தெருமுனை இட்லிக் கடை அக்காவுக்கு ஒரு வட்டம் போட்டார். இவர் இரவுப் பணிக்குப் போகும் நாள்களில் பிள்ளை உறங்குவது அந்த அக்கா வீட்டில்தானாம். "உங்களுக்கு யார் ஆதரவு?" என்று கேட்டால் ஒப்புக்குத்தான் பதில் வரும். "நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?" என்று கேளுங்கள்.

மறுமொழி 3:
தாளில் தேதி எழுத மறவாதீர்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் வரையும்போதுதான் எது மாறியது என்று தெரியும். கடன் விவரம் உள்ள தாளை அக்கம்பக்கத்தார் கண்ணில் படும்படி விரிக்கவும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்று மீண்டும் போயிருந்தேன். குழுவுக்கு இரண்டு கோடுகளையும் அவரே போட்டார். கோயில் வட்டத்தை மட்டும் அடித்துவிட்டார். கணவர் இறந்த பிறகு அங்கே போவதே இல்லையாம். ஊரில் கோயில் இருக்கிறது என்பதால் நானாக வரைந்த வட்டம் அது.