கலைச்சொல் தேவை: சிலநேரம் மட்டும் வந்துபோகும் கைப்பிரேக் பழுது

ரொறன்ரோவிலிருந்து, தொடக்க மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் ஒரு காணொளிக்குத் தமிழில் எழுத்துவரி முடித்துக் கொடுக்கவேண்டும். கராஜ் வேலை பழகும் எங்கட பிள்ளைகளுக்கானது. காட்டும் கார் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் அறிமுகமான, கூரை திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இங்கே மியாட்டா என்றால்தான் தெரியும். நாலு சில்லுக்கும் டிஸ்க் பிறேக். கைப்பிறேக்கை இழுத்தால் கேபிள் போய்ப் பின்சில்லுகளின் காலிப்பரையே, அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தையே, இறுக்கும்.

படம் முழுக்க ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது: இன்டர்மிற்றன்ற் ஃபோல்ற். வளைவில் திரும்பும்போது மட்டும் பிறேக் விளக்கு மினுங்கி அணைகிறது. சரிவில் நிறுத்தின கார் முதலில் அசையாமல் நின்று, பிறகு தானாக உருள்கிறது. சில நாள் ஒரு பின்சில்லு இறுகிச் சூடாகிறது, சில நாள் இல்லை. இழுத்த கைப்பிடி எப்பவாவது ஒருதரம் நழுவி விழுகிறது. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே பெயர். ஒரு வரியில் நாற்பது எழுத்துக்கு மேல் போகமுடியாது. சொல் தாருங்கோ.

மதுரையிலிருந்து

அம்மா, சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. தனிக்குறில் விட்டிசைத்தால் நேரசையாகும் என்று யாப்பில் படித்தோமே, அந்த விட்டிசை. ஒலி தொடர்ந்து ஓடாமல் இடையே அறுந்து மீண்டும் எழுவது. பழுதும் அப்படித்தானே எழுகிறது? ‘விட்டிசைப் பழுது’ என்று வையுங்கள். ‘கோளாறு’ மட்டும் வேண்டாம். காரணம் நீளமானது, தனியே எழுதுகிறேன்.

கோவையிலிருந்து

ஐயா, பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறேன். ‘விட்டிசை’ என்று கரும்பலகையில் எழுதினால் பசங்க பாட்டைத்தான் நினைப்பாங்க. பட்டறையில் யாரைக் கேட்டாலும் ‘விட்டு விட்டு வருதுங்க’ என்பார்கள். கரண்டு சம்பந்தப்பட்டது என்றால் ‘லூஸ் காண்டாக்ட்’. அந்த இரண்டாவதை விட்டுவிடலாம், அது காரணத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. முதலாவது நல்ல தமிழ், எல்லாருக்கும் தெரிந்த தமிழ். ‘விட்டுவிட்டு வரும் பழுது’. முடிந்தது.

ரொறன்ரோவிலிருந்து

அண்ணா, அதைத்தான் நானும் முதலில் எழுதிப் பார்த்தேன். திரையில் வந்த வரி இது: ‘கைப்பிறேக்கை விட்டுவிட்டு வரும் பழுது.’ கைப்பிறேக்கைத் தளர்த்தின பிறகு வருகிற பழுது என்றுதான் யாரும் வாசிப்பார்கள். மூன்றாவது பழுது உண்மையிலேயே அப்படித் தளர்த்தின பிறகு வருகிறது. வேறு எந்தப் பாகமென்றாலும் உங்கட சொல் நிற்கும். ‘விடு’ என்பதே வேலையின் பெயராக இருக்கிற இந்த ஒரு பாகத்தில் அது பிழைக்கிறது.

திருச்சியிலிருந்து

மருத்துவப் பக்கத்திலிருந்து ஒரு யோசனை. மலேரியாவுக்கு நம் பழைய பெயர் முறைக்காய்ச்சல். ஆங்கிலத்திலும் அதற்கு இதே அடைமொழிதான். ‘முறைப்பழுது’ சுருக்கமாக இருக்கிறதே?

ஆனால் எழுதும்போதே ஒரு தயக்கம் வருகிறது. மலேரியாவில் முறை என்பது சரியான சொல். ஒரு வகை 48 மணிக்கு ஒருமுறை ஏறும், இன்னொன்று 72 மணிக்கு. நாளைக் கணக்கிட்டே நோயைப் பிரித்தார்கள். உங்கள் காருக்கு அப்படி ஒரு முறை இருக்கிறதா?

சென்னையிலிருந்து

முறை கிடையாது, அதுதான் சிக்கலே. மின்னணுத் துறையில் இரண்டைப் பிரித்துப் பேசுகிறோம். ஒருமுறை வந்து தடமில்லாமல் போவது ஒன்று. உள்ளே நிஜமான குறை இருந்துகொண்டு, அவ்வப்போது மட்டும் வெளியே தெரிவது மற்றொன்று. இங்கே வேண்டியது இரண்டாவதற்கான பெயர். என் வாக்கு ‘இடைவிட்ட பழுது’. ‘இடைவிடாமல்’ என்று எல்லாரும் பேசுகிறோம். எதிர்மறை தெரிந்தவனுக்கு உடன்பாடும் தெரியும்.

மதுரையிலிருந்து

வாக்குறுதி கொடுத்த நீண்ட மடல். ‘கோளாறு’ என்பதில் எனக்குக் கோளும் தெரிகிறது, ஆறும் தெரிகிறது. ஆறு என்றால் வழி. கோள்களின் போக்கால் வரும் கேடு என்ற நம்பிக்கை அந்தச் சொல்லில் உறைந்திருப்பதாக நெடுநாளாகவே கருதிவருகிறேன். சம்பந்தர் கோளறு பதிகம் பாடியது அந்தக் கேட்டை அறுக்கத்தான். எந்திரத்தில் ஏற்படும் குறைக்குக் கோள்மேல் பழிபோடும் சொல் எதற்கு? இன்னும் ஒரு படி போகலாம். சோதிட நூல்களில் கரந்துறை கோள் என்றொரு வகை உண்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து பலன் தருவது. கோளாறுதான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் ‘கரந்துறை கோளாறு’ என்றாவது வையுங்கள். பொருள் முழுதாக நிறையும்.

கோவையிலிருந்து

கோளாறு என்பது கோணல், கோட்டம் என்று ‘கோள்’ அடியில் வந்த சொல்லாகவே எனக்குப் படுகிறது. நேராக இருக்கவேண்டியது வளைந்துபோனது. கிரகத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்கு மனமில்லை. ‘கரந்துறை’யை உச்சரிக்க வைக்கவே எனக்கு ஒரு பீரியடு போய்விடும் ஐயா.

மட்டக்களப்பிலிருந்து

எல்லோரும் பழுதைப் பற்றியே கதைக்கிறீர்கள், கைப்பிறேக்குக்கு என்ன பெயர்? அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளோடு வளர்ந்த தலைமுறை நான். சுவிட்ச் எங்களுக்கு ஆளிதான். அதேபோலக் ‘கைத்தடுப்பு’ என்று துணிந்து எழுதுங்கோ. ‘கைத்தடை’ மட்டும் வேண்டாம். மின்தடை என்றால் பாடப்புத்தகத்தில் மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மை என்று ஒரு பொருள், தமிழ்நாட்டுப் பத்திரிகையில் கரண்டு போனது என்று இன்னொரு பொருள். விளக்கு, கம்பி, ஆளி எல்லாம் வருகிற இந்தப் படத்தில் மூன்றாவதாக ஒரு தடை வேண்டாம்.

லெஸ்டரிலிருந்து

ஒரு சிறு விலகல். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் செய்த எம்ஜி டிசி காரில் கைப்பிரேக் தலைகீழாக வேலை செய்யும். சாதாரணக் காரில் இழுத்தால் பூட்டிக்கொள்ளும், குமிழை அழுத்தினால் விடுபடும். அதில் குமிழை அழுத்தினால்தான் பூட்டும். சற்று இழுத்துவிட்டால் தானே விடுபடும். பழக்கமில்லாதவர் இழுத்துவிட்டு இறங்குவார், கார் உருளும். குமிழில் தற்செயலாக விரல் பட்ட நாளில் நிற்கும். ‘சில நாள் பிடிக்குது, சில நாள் பிடிக்கல’ என்றுதான் சொல்லுவார். காரில் பழுதே கிடையாது. அதனால் ‘பழுது’ என்ற சொல்லையும் அவசரப்பட்டு ஒட்டவேண்டாம் என்பேன்.

கோவையிலிருந்து

லெஸ்டர் நண்பர் சொன்னதைப் படித்த பிறகுதான் என் மனசில் இருந்தது தெளிவானது. அந்த நாலு பழுதையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வளைவில் விளக்கு எரிகிறது. அந்தக் காரில் கைப்பிடிக்குக் கீழே இருக்கும் சுவிட்சுக்கும் பிரேக் ஆயில் குப்பியில் இருக்கும் மிதவைக்கும் ஒரே விளக்குதான். ஆயில் குறைந்திருந்தால் நேர்ச்சாலையில் மிதவை தப்பிக்கும். வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும், மிதவை இறங்கும், விளக்கு எரியும். கைப்பிடியைக் குடைந்துகொண்டு இருப்பவனுக்கு ஆயுசுக்கும் விடை கிடைக்காது. ஆயிலை ஊற்றி நிரப்புவதும் தீர்வல்ல. டிஸ்க்கை அழுத்தும் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்பத்தான் ஆயில் இறங்கியது. அதனால் முதலில் பேடைப் பார்க்கணும், கசிவு இருக்கிறதா என்று பார்க்கணும்.

நின்ற கார் பிறகு உருள்கிறது. வேகமாக ஓட்டி வந்ததில் டிஸ்க் சூடாக இருக்கிறது. அந்தச் சூட்டில் கைப்பிரேக்கை இழுத்து வைக்கிறோம். ஆற ஆற டிஸ்க் சுருங்கும், பிடி தளரும். குறைவாக இழுத்திருந்தால் சரிவில் கார் நகரும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது எல்லாம் ஆறியிருக்கும், அவர் இழுத்தால் நன்றாகவே பிடிக்கும். ‘ஒண்ணுமில்லீங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார். சரிவில் கியரில் போட்டு நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

சில்லு இறுகுவது கேபிளால். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அந்த ஈரம் கேபிள் உறைக்குள் போய்த் துருவாகும். கைப்பிடியை இறக்கினாலும் உள்ளே கம்பி திரும்பாது, காலிப்பரில் இருக்கும் சின்ன நெம்புகோலும் அதன் இடத்துக்கு வராது. இங்கேதான் பலபேர் இன்னொரு பழுதை உண்டாக்குகிறார்கள். கைப்பிடி அதிகம் மேலே வருகிறதென்று கேபிள் நட்டை இறுக்குவார்கள். இறுக்கினால் அந்த நெம்புகோல் எப்போதும் கொஞ்சம் இழுபட்டே நிற்கும். அந்தக் காரில் முதலில் செய்யவேண்டியது காலிப்பரின் பின்னால் இருக்கும் 14 மி.மீ. போல்ட்டைக் கழற்றுவது. உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவி போகும் திருகு இருக்கும். சக்கரம் பூட்டும்வரை அதை முடுக்கி, பிறகு மூன்றில் ஒரு சுற்று தளர்த்தணும். கேபிள் நட்டு அதற்குப் பிறகுதான்.

கைப்பிடி நழுவுவது கொண்டியும் பல்லும் தேய்ந்ததால். தேய்ந்த பல்லில் கொண்டி உட்காரும் அன்றைக்கு மட்டும் நழுவும்.

நாலில் ஒன்றுகூட நினைத்தபடி வந்துபோவது இல்லை. வளைவு, சூடு, ஈரம், தேய்ந்த அந்த ஒரு பல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை இருக்கிறது. அந்த நிலையை உண்டாக்கினால் பழுது ஒவ்வொரு முறையும் வரும். ‘இடைவிட்ட’, ‘விட்டிசை’, ‘விட்டுவிட்டு’ எல்லாம் பார்க்கிறவனுக்கு எப்படித் தோன்றுகிறது என்று மட்டும் சொல்கின்றன. மாணவன் கையில் நான் கொடுக்க விரும்பும் சொல் ‘நிலைசார் பழுது’. என் முதல் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

சென்னையிலிருந்து

அருமையான விளக்கம், ஆனால் சொல்லை ஏற்கமுடியவில்லை. நிலை கண்டுபிடித்த பிறகு வைக்கும் பெயர் அது. வாடிக்கையாளர் காரைக் கொண்டுவரும்போது நிலை யாருக்கும் தெரியாது, அப்போதும் பழுதுக்கு ஒரு பெயர் வேண்டும். அந்த நேரத்தில் ‘நிலைசார்’ என்பது தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லும். மின்னணுவில் நிலையே பிடிபடாமல் பலகையையே மாற்றிவிடும் வேலைகளும் நிறைய உண்டு.

மதுரையிலிருந்து

விட்டிசையை வற்புறுத்தவில்லை. ஆனால் ‘இடைவிட்ட’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம், விட்டது முடிந்துபோனது. ‘இடைவிடு பழுது’ என்று வினைத்தொகையாக்குங்கள். இடைவிட்ட, இடைவிடுகின்ற, இடைவிடும் என்று மூன்றும் அடங்கும். வினைத்தொகையைக் காலங்கரந்த பெயரெச்சம் என்கிறது நன்னூல். எப்போது வருமென்று காலம் காட்டாத பழுதுக்குக் காலம் கரந்த தொகையைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. கோவைத் தம்பி தேடச்சொல்லும் நிலைக்கும் குறளில் வழி இருக்கிறது. 948இல் நோயின் காரணம் என்ற பொருளில் ‘நோய்முதல்’ வருகிறதல்லவா? அதே அச்சில் ‘பழுதுமுதல்’ என்று வையுங்கள்.

திருச்சியிலிருந்து

‘இடைவிடு’வுக்கு என் ஆதரவு. முறைப்பழுதைத் திரும்பப் பெறுகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து

எனக்கும் சம்மதம். கைத்தடுப்பு பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை என்பதைப் பதிந்துவைக்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து

நேரம் போய்விட்டது, இதுதான் முடிவு. தலைப்பிலும் சொற்பட்டியலிலும் ‘இடைவிடு பழுது’. பேச்சு ஓடும் இடங்களில் ‘சிலநேரம் மட்டும் வரும் பழுது’. வரிக்குள் அடங்குகிறது, கைப்பிறேக்கோடும் முட்டவில்லை. ‘பழுதுமுதல்’ படத்தின் கடைசிப் பகுதியில் அப்படியே பொருந்துகிறது, ஐயாவுக்கு நன்றி. கைப்பிறேக் கைப்பிறேக்காகவே இருக்கிறது. மட்டக்களப்பு ஐயா பொறுத்துக்கொள்ளவேணும். பிள்ளைகள் நாளைக்குக் கராஜில் கேட்கப்போகும் சொல் அதுதான்.

கோவையிலிருந்து

ஏற்றுக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. என் வகுப்பில் ‘நிலைசார் பழுது’ என்றுதான் நடத்துவேன். சென்னை நண்பர் கேட்டதும் நியாயம், அதனால் வேலைச்சீட்டில் பழுதின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்க்கப்போகிறேன். வண்டியை விடும்போதே வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதவேண்டிய கட்டம்: சூடாக இருந்ததா ஆறியிருந்ததா, வளைவா நேரா, மழையா வெயிலா. அதற்குத் தலைப்பாகத் ‘தோன்றுநிலை’ என்று எழுதிப் பார்த்தேன், பசங்களுக்குப் புரிகிறது. ஐயா, ‘தோன்றுநிலை’ வினைத்தொகையாக நிற்குமா, இல்லை திருத்தணுமா?