அப்பா கையில் ஏ.டி.எம். கார்டு, என் கையில் மஸ்கட் சம்பளம்: இந்த ஏற்பாடு தவறா?

கோட்டை அகழி, மஸ்கட்
குடியாத்தத்திலிருந்து இங்கே வந்து ஏழு வருடம் ஆகிறது. ஊரில் இருந்தபோது தொடங்கிய சேமிப்புக் கணக்கையே இன்னும் வைத்திருக்கிறேன். சம்பளம் வந்ததும் ரூவியில் உள்ள பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் கட்டி அதற்கு அனுப்பிவிடுவேன். கார்டும் பழைய சிம்மும் அப்பாவிடம் இருக்கின்றன. கார்டின் ரகசிய எண்ணைத் தினசரி நாள்காட்டி அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறார். கரண்ட் பில் கட்ட ஓ.டி.பி. வேண்டுமென்றால் அவரைக் கூப்பிடுவேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "நான்கு... ஏழு... இது ஒன்றா, ஏழா?" என்று படித்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடும். மற்றபடி குறை ஒன்றும் இல்லை. ஆனால் அறையில் உடன் இருக்கும் வாணியம்பாடிக்காரர் இது சட்டப்படி தப்பு என்கிறார். அப்படியா?

ஓய்வுபெற்ற காசாளர், சத்துவாச்சாரி
அவர் சொன்னது சரி தம்பி. வேலைக்காக வெளிநாடு போனவர் உள்ளூர்ச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அதை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வாழ்பவர் தம் இந்திய வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்காக மாற்ற வேண்டும். சம்பளம் அனுப்பத் தனியாக ஓர் என்.ஆர்.இ. கணக்கு தொடங்குங்கள். அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது, பணத்தை எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாம். என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நாள்காட்டிதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இலவம்பாடி கத்தரி, தோகா
ஐயா, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். நான் 11 வருடமாகப் பழைய கணக்கில்தான் போடுகிறேன். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. மாதம் 30,000 போட்டு 28,000 எடுத்துவிடுகிற வீட்டில் வட்டி என்ன தேறும், அதற்கு வரி என்ன வரும்? நம்மிடமிருந்து உண்மையில் பணம் கரைவது எக்ஸ்சேஞ்சில். கமிஷன் இல்லை என்று பலகை வைக்கிறவன் ரேட்டில் எடுத்துக்கொள்கிறான். 200 ரியால் அனுப்பும்போது ரியாலுக்கு 50 காசு குறைத்தால் 100 ரூபாய் போயிற்று. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் அனுப்பினால் ரேட்டும் கூடுதல், பணமும் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். சட்டம் சட்டம் என்று மிரட்டினால் ஆட்கள் அங்கேதான் போவார்கள்.

ஓய்வுபெற்ற காசாளர், சத்துவாச்சாரி
உண்டியலில் பிடிபட்டால் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம். விசாரணைக்குப் பதில் சொல்லப் போகிறவர் தோகாவில் இருக்கும் நீங்கள் அல்ல, வாசலில் நின்று பணம் வாங்கிய உங்கள் அம்மா. அந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள்.

வட்டி விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். இந்திய வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். ஆனால் கதவு தட்டப்படுவது பணம் போன அன்றைக்கு. 2017இல் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைப் படித்துப் பாருங்கள். ரகசிய எண்ணைப் பிறருக்குக் கொடுத்ததால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது முழுவதும் வாடிக்கையாளர் தலையில்தான். சவூதியில் இருந்த என் மைத்துனர் கார்டை வீட்டில் விட்டிருந்தார். போனில் பேசிய எவனிடமோ வீட்டில் ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டார்கள். புகார் கொடுக்கப் போனபோது மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "கார்டு யாரிடம் இருந்தது?" அதற்கு மேல் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை.

பாலாற்றுக்கரை, சிங்கப்பூர்
ஏன் இவ்வளவு சண்டை? அப்பாவுக்குக் கார்டே தேவையில்லை. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணிலேயே யு.பி.ஐ.யில் இணைக்க 2023 ஜனவரியில் அனுமதித்துவிட்டார்கள். முதலில் அறிவித்த 10 நாடுகளில் ஓமனும் உண்டு, கத்தாரும் உண்டு. உங்கள் வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பால்காரர், கேபிள், மருந்துக்கடை என்று எல்லாவற்றையும் நான் இங்கிருந்தே கட்டுகிறேன். வீட்டில் ஒரு ரூபாய் ரொக்கம் வேண்டியதில்லை.

மக்கன்பேடா, ராணிப்பேட்டை
அனுப்புகிறவர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வாங்குகிற வீட்டில் இருப்பவள். என் கணவர் ரியாத்தில் இருக்கிறார். சென்ற வருடம் அவரும் இதே உற்சாகத்தில் எல்லாவற்றையும் தானே கட்டத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கறிக்கடைக்குப் போனார். கடைக்காரர் கறியை நறுக்கிப் பையில் போட்டுவிட்டு, க்யூ.ஆர். அட்டையைப் படமெடுத்து ரியாத்துக்கு அனுப்பினார். அவர் வேலையில் இருந்தார். பணம் வந்து சேர 20 நிமிடம் ஆயிற்று. அதுவரை மாமா பையைத் தூக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவர் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை, என்னைத்தான் அனுப்புகிறார்.

பாலாற்றுக்கரை, சிங்கப்பூர்
அக்கா, நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. அப்படியானால் அப்பாவுக்கு வங்கியில் அதிகாரக் கடிதம் கொடுத்துவிடலாமே. உள்நாட்டுச் செலவுக்கு அவரே எடுத்துக்கொள்ளலாம்.

இலவம்பாடி கத்தரி, தோகா
கொடுக்கலாம். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று அவரை மூன்று முறை திருப்பி அனுப்புவார்கள். சர்க்கரை நோயாளி, வெயில் வேலூர் வெயில்.

மக்கன்பேடா, ராணிப்பேட்டை
நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மாமா பெயரில் சாதாரணச் சேமிப்புக் கணக்கு, அவர் எண், அவர் கார்டு. மாதம் முதல் தேதி என்.ஆர்.இ. கணக்கிலிருந்து ஒரு தொகை தானாகப் போய்விடும். மகன் தரும் பணத்துக்கு அப்பா வரி கட்ட வேண்டியதில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிச் செலவு போன்ற பெரியவற்றை மட்டும் அவர் ரியாத்திலிருந்து கட்டுகிறார். காசாளர் ஐயா பயப்படுகிற மாதிரி ஏதாவது நடந்தாலும் அந்த மாதப் பணத்தோடு போகும்.

இலவம்பாடி கத்தரி, தோகா
பெற்ற அப்பாவுக்கு மாதச் சம்பளமா?

மக்கன்பேடா, ராணிப்பேட்டை
இப்போது மட்டும் என்ன நடக்கிறது அண்ணா? உங்கள் பெயர் போட்ட கார்டைக் கொண்டுபோய் உங்கள் பணத்தை எடுத்து வருகிறார். எடுத்த அடுத்த நிமிடம் எவ்வளவு எடுத்தார் என்று உங்களுக்குக் குறுஞ்செய்தி வராதா?

இலவம்பாடி கத்தரி, தோகா
வரும். நான் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற காசாளர், சத்துவாச்சாரி
கோட்டை அகழி தம்பி, அந்த அம்மா சொல்வதைச் செய்யுங்கள். பழைய சிம்மை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ரோமிங்கில் உள்ளே வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, ரீசார்ஜை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கோட்டை அகழி, மஸ்கட்
கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறேன். அப்போதே எனக்கு என்.ஆர்.இ. கணக்கு, அப்பா பெயரில் ஒரு கணக்கு இரண்டையும் தொடங்கிவிட நினைக்கிறேன். நேற்று இரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். வரி, சட்டம் எதையும் அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. புதுக் கணக்குக்குப் பாஸ்புத்தகம் தருவார்களா, அதன் முதல் பக்கத்தில் யார் பெயர் இருக்கும் என்று மட்டும் கேட்டார்.