இன்ஹேலருக்கான ஸ்பேசர் எங்கே கிடைக்கும்?

ரங்கூன் உறவுகளுக்கு வணக்கம். அத்தைக்கு நாள்பட்ட ஆஸ்துமா. நெபுலைசர் இருக்கிறது, மின்சாரம் போனால் அது வெறும் பெட்டிதான். அப்போது சால்பூட்டமால் இன்ஹேலரே துணை. சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் தளரும். பலன் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். ஆனால் அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றுசேராமல் மருந்தின் பெரும்பகுதி நாக்கிலேயே தங்கிவிடுகிறது. எழுபது வயதுக் கைக்கு அது எளிதா என்ன!

இன்ஹேலரில் பொருத்தி, மருந்தைத் தேக்கி மெதுவாக இழுக்க உதவும் குழல்தான் ஸ்பேசர். பெரியவர்களுக்கானது, முகமூடியுடன், இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? 500 மில்லி பிளாஸ்டிக் புட்டியில் துளையிட்டுச் செய்த ஸ்பேசர் குழந்தைகளுக்கு நன்றாகவே உதவியதாகத் தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று 1999இல் வந்தது. பெரியவர்களுக்கு அப்படிச் செய்து பார்த்தவர் உண்டா?

தடுப்பு இன்ஹேலரை டாக்டர் சொன்னபடி தினமும் எடுக்கிறார். கஷாய யோசனைகள் மட்டும் வேண்டாம், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சென்னையிலிருந்து வருபவர் யாராவது ஒன்று வாங்கி வந்தால் பணம் தந்துவிடுகிறேன்.